முன்னால் இருந்தவர் பின்னால் போன கதை

மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் பெச்சாவில் ஏறுகிறவர் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவார். பினாங்கில் அப்படி இல்லை. இங்கே பயணி முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். 1940களில் கை ரிக்‌ஷாக்களின் இடத்தைப் பிடித்த இந்த மூன்று சக்கர வண்டி, லெபோ பசாரிலும் லெபோ குவீனிலும் பல பத்தாண்டுகள் ஓடியது. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தவருக்குத் தெருவை மறைக்க எதுவும் கிடையாது. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் கோபுரமும் பூக்கடையும் மசாலைக் கடையின் சாக்கு மூட்டைகளும் முதலில் அவர் கண்ணில்தான் படும். ஓட்டுகிறவர் அவர் தலைக்கு மேலாகப் பார்த்து மிதிப்பார்.

இன்று அதே தெருவில் பெச்சா சுற்றுலாப் பயணிகளுக்கானது. குடும்பங்கள் மோட்டாரில் வருகின்றன. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் தலைக்கவசம். லிட்டில் இந்தியாவுக்குள் சுற்றும்போது அது ஒரு பொருட்டல்ல. இங்கிருந்து பத்துமலை வரை சுமார் 350 கிலோமீட்டர் அந்தத் தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டு போவது வேறு விஷயம்.

மலாய்மொழி பின்னால் வருபவருக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது, பெம்பொன்செங். நம்மிடம் அப்படி ஒற்றைச் சொல் இல்லை. ‘பின்னால குந்திக்கிட்டு வர்றவங்க’ என்று நீட்டித்தான் சொல்கிறோம். பெயரில்லாத ஆளிடம் யார் கருத்துக் கேட்பார்கள்?

இதை எழுதக் காரணம் ஒரு நண்பர். ஐம்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். இனி மனைவியோடு தீபகற்பத்தைச் சுற்றவேண்டும், தெற்குத் தாய்லாந்து வரை ஏறிப் போகவேண்டும், அதற்கு வசதியான மோட்டார் எது என்று கேட்டார். புலனத்தில் பட்டியல் பட்டியலாக அனுப்பினார். எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், எத்தனை லிட்டர் எண்ணெய் பிடிக்கும் என்று எல்லாம் இருந்தது. பின்னிருக்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் மனைவியிடம் பேசியபோது ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “அவருக்கு வண்டி வேணும், எனக்கு முதுகு வேணும்ண்ணே.”

இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க மோட்டாரின் வரலாறு ஏன் இவ்வளவு சிரமப்பட்டது என்று பார்க்கத் தொடங்கினேன்.

1885இல் டைம்லரும் மைபாக்கும் செய்த மர வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். தனி ஆளின் வாகனமாகவே மோட்டார் பிறந்தது. இன்னொருவரை ஏற்றவேண்டும் என்ற ஆசை வந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில், ஐரோப்பியர்கள் செய்து பார்த்த வழிகளில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்தது. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரங்களை வைத்து, நடுவே ஒரு நாற்காலியைப் பொருத்தினார்கள். பயணி முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். மிதிகட்டைக்குப் பதில் இயந்திரம் இருந்ததைத் தவிர, அது பினாங்கு பெச்சாவேதான். நாற்காலியில் பெரும்பாலும் பெண்களை உட்காரவைத்தார்கள். காட்சி நன்றாக இருந்தது. ஆனால் தூசியும் சேறும் முதலில் அவர்கள் முகத்தில்தான் அடித்தன. மோதினால் முதலில் அடிபடுவதும் அவர்கள்தான். பத்தாண்டுக்குள் அந்த வண்டிகள் மறைந்தன.

பிறகு பயணி பக்கவாட்டுக்குப் போனார். சைட்கார் உண்மையிலேயே வசதியானது. சொந்த ஸ்பிரிங், காலை நீட்ட இடம், முழங்காலுக்கு மேல் போர்த்திக்கொள்ள ஒரு கித்தான். ஆனால் அதை வாங்க இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்தால் சின்னக் கார் வாங்கிவிடலாம் என்ற நிலை வந்ததும் அதற்கும் காலம் முடிந்தது. மிச்சம் இருந்தது ஒரே இடம், சாமான் கட்டும் கம்பி. அதன்மேல் ஒரு திண்டைக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் பின்னிருக்கைக்குச் சொல்லும் ‘பில்லியன்’ என்ற பெயர்கூடக் குதிரைக்காலத்துச் சொல்தான். சேணத்துக்குப் பின்னால் பெண்கள் ஒருக்களித்து உட்காரப் போட்ட மெத்தைக்கு அந்தப் பெயர். மோட்டாரின் பின்னிருக்கை யாரும் வரைந்து உருவாக்கியது அல்ல. மூட்டைக்கு ஒதுக்கிய இடத்தில் ஆள் உட்கார்ந்ததால் உண்டானது.

அந்தக் காலத்து மோட்டார்களில் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் கிடையாது. ஓட்டுகிறவரின் தோல் இருக்கைக்கு அடியில் இரண்டு சுருள்கம்பிகள் இருக்கும். பின்னால் இருப்பவருக்கும் சாலைக்கும் நடுவே இருந்தது டயரும் அந்தத் திண்டும்தான். 1930இல் பிரிட்டிஷ் சாலைச் சட்டம் தலையிட்டது. ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது, அவரும் ஒழுங்காகப் பொருத்திய இருக்கையில் இருபுறமும் கால் போட்டுத்தான் உட்காரவேண்டும் என்றது. உட்காரும் விதத்தைச் சட்டம் சொன்னது. உட்காருபவருக்கு வலிக்குமா என்பது அதன் கவலை அல்ல.

பின் சக்கரம் தனியே ஏறி இறங்கும்படியான அமைப்பு இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் பரவியது. அதை முன்னதாகக் கொண்டுவந்த வண்டிகளில் ஒன்று, 1949இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட். இது நம் கதைக்குள் வருவதற்குக் காரணம் திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து அங்கே என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்தின் மூல நிறுவனம் பிறகு மூடிப்போனது, சென்னையில் புல்லட் நிற்கவே இல்லை.

இந்தியாவில் பின்னிருக்கைக்கு நேர்ந்ததைத் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே சேலை கட்டிய பெண் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தார். முந்தானை சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்கப் படி வேண்டும், அவர் உடை சக்கரத்தில் மாட்டாதபடி பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கப்படவேண்டும் என்று கட்டளையிட்டன. ‘சாரி கார்டு’ என்று தமிழ்நாட்டில் சொல்லும் அந்தக் கம்பிவலை இந்த விதியால்தான் வண்டிக்கு வண்டி இருக்கிறது. பந்தய வண்டிபோல வரைந்த மோட்டாரிலும் அது ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து இளைஞர்கள் சிரிப்பார்கள், கழற்றியும் போடுவார்கள். எனக்கு அது அழகான பொருளாகவே படுகிறது. பின்னால் ஒருவர் இருக்கிறார், அவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்பதைக்கூட ஒரு சட்டம் யோசித்திருக்கிறதே.

பினாங்குக்குத் திரும்புவோம். இங்கே திருப்பம் 1958இல் வந்தது. லோ பூன் சியூ சீனாவிலிருந்து சிறுவனாகப் பினாங்கு வந்தவர். பேருந்து கழுவி, மெக்கானிக் வேலை கற்று, பிறகு பேருந்துகளுக்கே முதலாளி ஆனவர். 1958இல் ஜப்பான் போனபோது அப்போதுதான் வெளிவந்திருந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியைப் பார்த்தார். மலாயாவில் ஹோண்டாவை விற்கும் உரிமையோடு திரும்பினார். அதுவரை இங்கே மோட்டார் என்றால் துரைமார்களும் போலீசும் ஓட்டிய கனத்த பிரிட்டிஷ் வண்டிகள்தான் நினைவுக்கு வரும். இது 49 சிசி. 4.5 குதிரைத்திறன். சேலையோ சாரோங்கோ கட்டியவரும் ஏறி உட்காரும்படி நடுவில் தாழ்ந்த உடல், கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத கியர், மழைநீர் காலில் தெறிக்காமல் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு. கப் என்ற பெயரோடு ‘சின்னது’ என்று பொருள்படும் கன்டனீஸ் பின்னொட்டு சேர்ந்து கப்சாய் ஆனது. சீனத்தில் பிறந்த அந்தச் சொல்லை மலாய்க்காரரும் தமிழரும் தங்கள் சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஜப்பானில் முதலில் வந்த சி100 வண்டியில் இருந்தது ஒற்றை இருக்கை. பின்னால் சாமான் கம்பி. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மறுகையால் ஓட்ட முடியவேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் கணக்கு. இரண்டாம் ஆள் அந்தக் கணக்கில் இல்லை. இங்கேயும் மூட்டை இருந்த இடத்தில்தான் மனுஷி ஏறினாள்.

ஆனால் ஏறிய பிறகு நடந்தது வேறு. கப்சாய்க்கு நீண்ட, தட்டையான ஒரே இருக்கை வந்தது. முன்னும் பின்னும் ஒரே மட்டம். தரையிலிருந்து அதிக உயரமில்லை. பின்னால் இருப்பவர் ஓட்டுகிறவரின் தோளுக்கு மேல் எம்பி நிற்கவேண்டியதில்லை, காற்றுக்கு அவர் முதுகின் மறைவு கிடைக்கும். முழங்கால் நெஞ்சுவரை மடங்காது. கால் களைத்தால் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்துகொள்ளலாம். நீண்ட பயணத்தில் மனித உடம்பு கேட்பது இந்த நகர்ச்சியைத்தான். மெத்தை எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் இடுப்பு கேள்வி கேட்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி என்று தோட்டங்கள் நிறைந்த நிலம். அங்கே கப்சாய் சைக்கிளின் இடத்துக்கு வந்தது. காலையில் பின்னால் பால் வாளி தொங்கும். மாலையில் கழுவித் துடைத்த அதே இருக்கையில் மனைவி, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் நின்றுகொண்டு இன்னொன்று. தீபாவளிக்குத் துணி எடுக்கவும் தாலிக்கொடி செய்யவும் லிட்டில் இந்தியாவுக்கு வந்தவர்கள் பட்டர்வொர்த்தில் மோட்டாரோடு ஃபெரி ஏறினார்கள். நெடுந்தூரப் பயணம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. சுற்றுலாப் படங்களில் வரும் தோல் சட்டைக்காரர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இருவர் மோட்டாரில் தூரம் போகும் கலையை இந்த மண்ணில் பழகியவர்கள் இவர்கள்தான்.

அந்த வண்டி சொகுசானது என்று சொல்ல வரவில்லை. அந்தக்கால கப் வண்டிகளில் பின்னால் இருப்பவரின் கால்படி வண்டியின் உடலோடு இல்லாமல், சக்கரத்தைத் தாங்கும் கையோடு பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் குழியில் இறங்கினால் பாதமும் இறங்கும், மேட்டில் ஏறினால் முழங்காலும் துள்ளும். ஸ்பிரிங் இடுப்புக்கு மட்டும்தான், காலுக்குக் கிடையாது. சைலன்ஸர் வலப்பக்கம். ஒருக்களித்து இடப்பக்கம் கால் போட்டவர்கள் தப்பித்தார்கள். இருபுறமும் கால்போட்டு உட்கார்ந்த பெண்கள் பலருக்கு வலது கெண்டைக்காலில் ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. நம் அக்காமார்களிடம் கேட்டால் எந்த ஊருக்குப் போகும்போது வாங்கியது என்று கதையாகவே சொல்வார்கள்.

பிறகு எப்படி அவ்வளவு தூரம் தாங்கியது? சாலைதான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய முதலாம் எண் கூட்டரசு சாலை நிபோங் தெபால், பாரிட் புந்தார், பாகான் செராய், கோலகங்சார், ஈப்போ என்று ஊர் ஊராகப் புகுந்து போகும். கப்சாய் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஊர் வந்தால் நிற்கும். தேத்தண்ணி, பசியாறல், ஒரு கோயில், ஒரு சொந்தக்காரர் வீடு. பின்னிருக்கையின் குறையை இறங்கி நடந்த அந்தப் பத்து நிமிடங்கள் சரிக்கட்டின. வண்டியின் வசதி என்று நாம் நினைத்ததில் பாதி சாலையின் வசதி.

அந்தச் சாலையை 1980களும் 90களும் மாற்றின. 1985இல் பினாங்குப் பாலம் திறந்தது. 13.5 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி கடலுக்கு மேல், பக்கக்காற்றில் ஓரத் தடத்தில் மோட்டார். ஃபெரியில் கிடைத்த இருபது நிமிட இளைப்பாறல் போனது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர். மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. 2019 ஜனவரி முதல் பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டாருக்குக் கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது. காசுக்கு நல்லது. உடம்புக்குக் கணக்கு வேறு. 50இல் போனவர் 100இல் போகும்போது காற்று இரண்டு மடங்கு தள்ளுவதில்லை, நான்கு மடங்கு தள்ளும். லாரி கடக்கும்போது ஓட்டுகிறவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் எதைப் பிடிப்பார்? 1973 முதல் கட்டாயமான தலைக்கவசம் உயிரைக் காத்தது, அதோடு கழுத்துக்கு ஒரு சுமையையும் தந்தது. காற்றில் ஆடும் தலைக்கவசத்தைத் தாங்குவது கழுத்துதானே.

நெடுஞ்சாலை நம்மைவிட முன்பே வந்த அமெரிக்காவில் இதற்கு விடை வேறு விதமாக வந்தது. ஹோண்டாவே 1970களின் நடுவில் கோல்ட் விங் என்ற 1000 சிசி வண்டியை விட்டது. வெறும் வேக வண்டி. அதை வாங்கியவர்கள் மனைவியோடு ஆயிரக்கணக்கான மைல் போகத் தொடங்கி, கடையில் காற்றுத்தடுப்பும் பெட்டியும் சாய்மானமும் வாங்கி மாட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு 1980இல் நிறுவனமே அவற்றை மாட்டி விற்றது. போகப்போகக் கைப்பிடி, முதுகுச் சாய்வு, கை வைக்கத் திண்டு என்று பின்னிருக்கை ஒரு சோபாவானது. சூப்பர் கப்பின் நிறுவனமேதான், ஆனால் பின்னால் இருப்பவரைப் பார்க்க இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவும் வாங்கியவர்கள் காட்டிக்கொடுத்த பிறகுதான்.

கோல்ட் விங் நம் நண்பருக்கு ஆகாது. விலையை விடுங்கள், பி2 உரிமத்தோடு 250 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது. பினாங்கில் கப்சாய் ஓட்டி வளர்ந்தவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது அந்த உரிமம்தான். தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த ஆசையால் அவர் முதலில் சென்னையில் செய்யும் 350ஐத்தான் கேட்டார். மீட்டியோர் 350 உண்மையில் இருவருக்கான வண்டி. இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர், ஒரு வகையில் பின்னால் சாய்மானமும் சேர்த்தே தருகிறார்கள். 349 சிசி என்பதால் பி2 போதாது. வேறு உரிமம் எடுக்கத் தயாரென்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அது 20 குதிரைத்திறன் வண்டி. இருவரும் பெட்டியும் ஏறிய பிறகு 90, 100இல் நிதானமாகப் போகும், அதற்கு மேல் விரட்டுவது பாவம். பழைய சாலைக்காரர்களுக்கு ஏற்றது.

பி2க்குள் என்றால் பெரிய ஸ்கூட்டர்தான். எக்ஸ்மேக்ஸ் 250 போன்றவற்றில் பின்னிருக்கை அகலம், கால்படி இயல்பான இடத்தில் இருக்கிறது, முன்கண்ணாடி இருவருக்கும் காற்றைத் தடுக்கும், இருக்கைக்கு அடியில் இரண்டு மழைச்சட்டைக்கு இடம். குறை சக்கரத்தில் இருக்கிறது. 15, 14 அங்குலச் சக்கரங்கள் குழிகளை அப்படியே முதுகுக்கு அனுப்பும். கேமரன் மலை ஏறி இறங்கும் சாலையில் இது தெரியும். உயரமான ‘அட்வென்ச்சர்’ வண்டிகள் குழியை நன்றாக விழுங்குகின்றன, ஆனால் ஐந்தடி உயரமுள்ள அம்மா ஒருவர் அதில் ஏறுவதைப் பார்த்தால் மரம் ஏறுவது போலிருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ஏறக் கஷ்டமென்றால் அவர் இறங்கவே மாட்டார், “பரவாயில்ல, போங்க” என்பார். அங்கேதான் முதுகுவலி தொடங்குகிறது. பந்தய வண்டிகளின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டு இருக்கும். அது இருக்கை அல்ல, சட்டத்துக்குக் காட்டும் சாக்கு.

நண்பரிடம் சொன்னது இதுதான். கடைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் முதலில் ஏறட்டும், உங்கள் தோளைப் பிடிக்காமல் ஏற முடிகிறதா பாருங்கள். முழங்கால் செங்கோணத்தைவிடக் குறுகி மடங்குகிறதா, கை தானாக ஒரு பிடிக்குப் போகிறதா, வலது கால் சைலன்ஸருக்கு எவ்வளவு பக்கம், பிரேக் பிடித்தால் உங்கள் முதுகில் சரிந்து விழுகிறாரா என்று பாருங்கள். கடைவாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லா இருக்கையும் சொகுசுதான். வலி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வரும், ஆகவே வாடகைக்கோ தெரிந்தவரிடமோ வாங்கி இருவருமாக ஒருமுறை தைப்பிங் வரை போய் வாருங்கள். போகும் வழி பழைய சாலை, வரும் வழி நெடுஞ்சாலை.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுத்தர வண்டிகள் பலவற்றில் ஆள், சாமான் எல்லாம் சேர்த்துத் தாங்கும் அளவு 180 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நண்பர் 85, மனைவி 65. மிச்சம் 30 கிலோவில் தலைக்கவசம், பெட்டி, துணி எல்லாம் அடங்கவேண்டும். பின்னால் இருப்பவரின் எடை கிட்டத்தட்ட முழுதும் பின் சக்கரத்தின் மேல் விழுகிறது. அதனால்தான் வண்டியோடு வரும் கையேட்டில் பின் டயர் காற்றுக்கு இரண்டு எண்கள் போட்டிருக்கிறார்கள், ஒருவருக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று. பின் ஸ்பிரிங்கை இறுக்கவும் ஒரு வளையம் இருக்கும். நம் ஆட்களில் பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. மனைவி ஏறியதும் வண்டி பின்னால் அமுங்கி, முன்விளக்கு மரக்கிளையைப் பார்க்கும். இறுக்கிவிட்டால் அதே வண்டி வேறு வண்டியாகும். சாய்மானத்துக்காக மாட்டும் மேல்பெட்டியில் கனமானதை வைக்கவேண்டாம். அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் முன் சக்கரம் இலேசாகிவிடும். கனமானவை பக்கப்பெட்டிக்கு, மழைச்சட்டையும் தலையணையும் மேல்பெட்டிக்கு.

நண்பர் இன்னும் வாங்கவில்லை. போன வாரம் இருவரும் ஃபெரியில் பட்டர்வொர்த் போய் ஒரு ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது ஓடும் புது ஃபெரிகளில் கார் ஏற்றுவதில்லை, மோட்டாரும் சைக்கிளும் ஆட்களும்தான். இருக்கை அவருக்குப் பிடித்திருக்கிறதாம். கைப்பிடி மட்டும் ரொம்பப் பின்னால் இருக்கிறது, முன்னால் நகர்த்திப் பற்றவைத்துத் தர பட்டறையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்.